பத்து மணிக்கு முழித்த வௌவால்கள்

பிச்சையாவைச் சோம்பேறி என்று சொல்லாத ஆள் தம்பானூரில் இருந்தால், அந்த ஆள் அன்று காலை ரயிலில்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லாட்ஜ் வாசலில் ஆள் பிடிக்கிறவர்கள், ஹோட்டலில் எச்சில் இலை எடுக்கிறவர்கள் என்று யாருக்குமே அந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு கிடையாது. அவருடைய மனைவி கோமதியம்மாளுக்குச் சுத்தமாகக் கிடையாது.

இத்தனைக்கும் மனிதர் பத்தொன்பது வருஷம் தோசைக்கல் முன்னால் நின்றவர். ஊர் திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். தேரி என்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவந்த மணல். பகலில் கால் வைத்தால் பொத்துப்போகும். மார்கழி விடியலில் அதே மணல் பல்லைக் கிட்ட வைக்கும். அப்பா பனையேறச் சொன்னார். அண்ணாந்து மரத்தின் உயரத்தைப் பார்த்தவர், அப்படியே திரும்பி நடந்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். வந்து மாவாட்டி, பாத்திரம் கழுவி, கடைசியில் தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் தோசை மாஸ்டர் ஆனார்.

மற்ற மாஸ்டர்கள் கல் முன்னால் ஆட்டம் போடுவார்கள். கரண்டியைத் தட்டுவார்கள், தோசையை வீசிப் பிடிப்பார்கள், சப்ளையர்களைக் கெட்ட வார்த்தையில் கூப்பிடுவார்கள். பிச்சையா அசையவே மாட்டார். கழுத்தில் ஈரத் துண்டு, முழங்கை இரண்டும் உடம்பை விட்டுத் தள்ளி விரிந்திருக்கும், மணிக்கட்டு மட்டும் சுற்றும். ஆர்டர் இல்லாத இரண்டு நிமிஷத்தில் நின்றபடியே கண்ணை மூடிவிடுவார். கல்லில் தண்ணீர் தெளித்து, "சொய்ங்" என்று கேட்டால்தான் கண் திறக்கும். ஹோட்டலுக்குள் வருகிறவர்கள் இதைத்தான் பார்த்தார்கள். அவர் வார்த்த தோசையின் எண்ணிக்கையை யார் பார்த்தார்கள்? ஆட்டம் போட்ட மாஸ்டர்கள் நாலைந்து வருஷத்தில் நெஞ்சுவலி, குடி என்று கழன்றுகொள்ள, சோம்பேறி மட்டும் பத்தொன்பது வருஷம் அதே இடத்தில் நின்றார்.

கால்தான் கைவிட்டது. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலநீலமாகப் புடைத்தது. மெடிக்கல் காலேஜ் டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இனி நிக்கான் பாடில்லா" என்றார். நிற்காமல் தோசை வார்க்கும் வித்தையை அவர் சொல்லித் தரவில்லை. கழக்கூட்டத்தில் ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் கேன்டீனுக்குப் போனார்; அங்கே கூட்டம் குறைவு, நடுநடுவே உட்காரலாம். ஒரே வருஷத்தில் கேன்டீனை மூடிவிட்டார்கள். யாரோ இரக்கப்பட்டு, விலங்கு அறைக்கு டெம்பரரி அட்டெண்டராகப் போட்டார்கள். ஸ்டூல் உள்ள உத்தியோகம். நாற்பத்தொன்பது வயதில் பிச்சையாவுக்கு சொர்க்கம் என்பது மூன்று கால் ஸ்டூல் வடிவத்தில் கிடைத்தது.

அந்த அறையில்தான் வௌவால்கள் இருந்தன.

வௌவால்களின் சொந்தக்காரி சுப்ரியா. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண், வயது இருபத்தேழு, வௌவாலைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. வீட்டில் இதை வெளியே சொல்வதில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் 'சயின்ஸ் பண்றா' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் பன்னிரண்டு வௌவால்களைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த இடத்தைக் கேட்டதும் பிச்சையாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேரிக்காட்டில் மணல் மூடிப் பாதி புதைந்து கிடக்கும் கல்மண்டபம். அவர் சின்ன வயதில் பனையேற்றத்துக்குப் பயந்து ஒளிந்த அதே மண்டபம்.

"மேடம், இது நம்ம ஊர்க்காரப் பயலுவ அல்லே! நான் இங்க வந்து இருவத்துமூணு வருசம். இவனுவ லேட்டு."

சாதாரண வௌவால் இல்லை. எலிக்கு இருப்பதுபோல நீள வால், தோலில் சேராமல் தனியே தொங்கும். பாலைவனத்திலும் வறண்ட காட்டிலும் வாழ்கிற ஜாதி. வெயில் எரிக்கும்போது என்ன செய்கிறது, குளிரில் பூச்சி கிடைக்காதபோது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் சுப்ரியாவின் கேள்வி. அதற்காக ஒரு சிறிய அறைக்குள் ஹீட்டரும் ஏசியும் வைத்து, கதவில் கண்ணாடி பதித்து, உள்ளே ஒரு பலகையைத் தராசில் தொங்கவிட்டிருந்தாள். பலகையில் பன்னிரண்டும் தலைகீழாகத் தொங்கும். வெளியிலிருந்தே முள்ளைப் பார்த்து மொத்த எடையைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் சூட்டுப் பரீட்சை. அறையை நாற்பது டிகிரிக்கு மேல் ஏற்றியபோது வௌவால்கள் ஒன்றையொன்று ஒட்டாமல் தள்ளிப்போய்த் தொங்கின. இறக்கையை உடம்பை விட்டு விரித்துக்கொண்டன. நாக்கால் தங்களை நக்கி ஈரமாக்கிக்கொண்டன. மற்றபடி அசையவே இல்லை. உடம்புச் சூடு ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுகின்றன, இல்லாவிட்டால் அதைத் தணிக்கவே உடம்புத் தண்ணீர் முழுக்கச் செலவாகிவிடும் என்று சுப்ரியா விளக்கிக்கொண்டிருந்தாள். பிச்சையா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். விரித்த முழங்கை. ஈரத் துண்டு. அசையாத உடம்பு.

"இதுக்கு எதுக்கு மேடம் இத்தனை மெசின்? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

அவள் சிரித்தாள். ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள் அப்படித்தான்.

அடுத்தது குளிர்ப் பரீட்சை. தொண்ணூற்றேழாம் வருஷம் நவம்பரில் தொடங்கியது. அதற்கு முன்னால் இரண்டு மாதம் வௌவால்களுக்குப் புழுவாகத் தின்னக் கொடுத்து, வயிற்றிலும் வால் அடியிலும் கொழுப்பு ஏற்றி, கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள்போல ஆக்கியிருந்தார்கள். பிறகு அறையை இருபது டிகிரிக்கு இறக்கி, தீனியை நிறுத்தினாள். வௌவால்கள் இறக்கையைப் போர்த்திக்கொண்டு முடங்கின. அடுத்த நாள் பார்த்தால் மூச்சு இருப்பதாகவே தெரியவில்லை.

"செத்துட்டு மேடம்!"

"இல்லை பிச்சையாண்ணா. இதுக்குப் பேர் முடங்கல். உடம்புச் சூட்டை அறைச் சூட்டுக்கே இறக்கிண்டுடும். மூச்சுகூட எப்பவாவதுதான். சேர்த்து வெச்ச கொழுப்பை துளித்துளியாச் செலவு பண்ணி, பூச்சி கிடைக்கிற மாசம் வரைக்கும் ஓட்டிடும். பிப்ரவரி கடைசி வரைக்கும் இப்படியே இருக்கணும். அப்புறம் நான் ரூமைச் சூடாக்குவேன், அதுவா முழிச்சுக்கும்."

வேலை செய்யாமல், சாப்பிடாமல், சாகாமலும் நாலு மாதம். பிச்சையாவுக்கு அந்த ஜந்துக்கள்மேல் பக்தியே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கோமதியம்மாளிடம் சொன்னார்.

"ஒங்க சாதிசனம் போலுக்கு," என்றாள் அவள். அதற்குமேல் அவளுக்கு ஆர்வமில்லை.

அவள் சங்கதியையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாள் முதல் விடியற்காலை நாலு மணிக்கு அவரை எழுப்புவது அவளுடைய பொறுப்பு. ஹோட்டலில் ஐந்து மணிக்குக் கல் காய வேண்டும். முதலில் பேர் சொல்லாமல் இருமுவாள். பிறகு காலை ஆட்டுவாள். கடைசியில் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். சந்தில் நாலு வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து வேலைக்குப் போனார்கள். பிச்சையா மட்டும் எழுந்திருக்க மாட்டார். இது ஒரு தாம்பத்தியமா, சிவில் வழக்கா என்று கேட்டால் பதில் சொல்வது சிரமம்.

ஆராய்ச்சி நிலையத்தில் எல்லா மிருகத்துக்கும் ரிஜிஸ்தர் உண்டு. அட்டெண்டர் தினமும் 'உயிருடன் உள்ளவை' என்ற கட்டத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிச்சையா திங்கட்கிழமை காலையிலேயே சனி வரைக்கும் ஆறு பன்னிரண்டு போட்டு, ஆறு கையெழுத்தும் போட்டுவிடுவார். வாரம் முழுவதும் ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். நவம்பர் மாதம் முழுக்க வௌவால் அறைக் கதவை அவர் திறக்கவே இல்லை. தராசு முள் இருந்த இடத்தைவிட்டு மயிரிழைதான் இறங்கியிருந்தது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தால் நமக்குக் கதை ஏது? டிசம்பர் முதல் தேதி அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீசர் ராமசுப்ரமணியன் ஒரு சர்க்குலர் போட்டார்.

ராமசுப்ரமணியன் சர்க்கார் ஆடிட்டில் முப்பத்தைந்து வருஷம் சிவப்பு மை தெளித்து ரிடையர் ஆனவர். இவரும் வலியசாலைதான். முன்னொரு காலத்தில் இந்த நிலையத்தில் நாற்பது வெள்ளெலிகள் செத்து மூன்று மாதம் ஆன பிறகும் ரிஜிஸ்தரில் உயிரோடு தீனி தின்றுகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவர் அவர். அதிலிருந்து மனிதருக்கு உயிர் என்றாலே சந்தேகம். விலங்கு அறை அட்டெண்டர் ஒருவரை பெர்மனென்ட் ஆக்கப் போவதாகவும், தினசரி சரிபார்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று ஜனவரியில் தானே நேரில் வந்து பார்த்த பிறகு அது முடிவாகும் என்றும் சர்க்குலர் சொன்னது.

அன்றைக்கு சாயங்காலம் கோமதியம்மாள் சண்டை போடவில்லை. அதுதான் பிச்சையாவை ஆட்டிவிட்டது. அவருடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, புடைத்த நரம்பின்மேல் எண்ணெய் தடவினாள்.

"ஏங்க, இந்தக் காலோட மறுபடியும் கல்லு முன்னால போய் நின்னீயன்னா நான் ஒங்கள முழுசாப் பாக்க மாட்டேன். ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் மனுசனாட்டம் வேலை செய்ங்க. அப்புறம் ஆயுசு பூரா ஒறங்குங்க, நான் தட்டத் தொடவே மாட்டேன்."

பிச்சையா அன்றே திருந்திவிட்டார். சோம்பேறிகள் திருந்துவது நாட்டுக்கு எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் முதல் சரியாகப் பத்து மணிக்கு வௌவால் அறைக்குள் நுழைந்தார். அசையாமல் தொங்குகிற பன்னிரண்டில் எது உயிர், எது பிணம் என்று எப்படிச் சரிபார்ப்பது? கையால் தொட்டால் கடிக்கும். குச்சியால் குத்தினால் காயம் படும். பத்தொன்பது வருஷத் தொழில் கை கொடுத்தது. கல் காய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்? ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியும் எடுத்தார். நனைத்து, ஒவ்வொரு வௌவாலின்மேலும் பூப்போல ஒரு தெளி தெளித்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். வௌவால் மெல்ல நடுங்கத் தொடங்கி, நடுக்கம் ஏறி, கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, "ச்சீ" என்று ஒரு சத்தம் போட்டது. அதை ஒன்று என்று எண்ணினார். பன்னிரண்டு ச்சீயும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார்.

தினமும் இதே பூஜை. அட்டெண்டர் ஆனதிலிருந்து இப்படி ஒரு நேர்மையான ரிஜிஸ்தரை அவர் எழுதியதில்லை. அந்த நிலையத்தில் வேறு யாரும் எழுதியிருக்கவும் மாட்டார்கள். கோமதியம்மாள் மூன்றாம் தட்டுச் சத்தத்துக்கே அவர் எழுந்துவிடுவதைக் கண்டு, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

சுப்ரியா இதையெல்லாம் பார்க்க அங்கே இல்லை. கார்த்திகை முடிவதற்குள் மூன்று ஜாதகக்காரர்கள் வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியிருந்ததால், அவளை வீட்டில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஓடிவந்து தராசைப் பார்ப்பாள், மூன்று வௌவால்களின் முதுகில் ஒட்டியிருந்த மெல்லிய கம்பி வழியாக உடம்புச் சூட்டை வரைந்துகொண்டே இருக்கும் காகிதச் சுருளைக் கழற்றிப் பைக்குள் போடுவாள், ஓடிவிடுவாள். இரண்டாவது வாரம் தராசு முள் நன்றாகவே இறங்கியிருந்தது. தராசில் கோளாறு என்று நினைத்தாள். மூன்றாவது வாரம் ஏசியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். கிறிஸ்துமஸ் கழிந்த சனிக்கிழமை, பிச்சையா தண்ணீர் தெளித்தும் இரண்டு வௌவால்கள் ச்சீ சொல்லவில்லை. மறுபடியும் தெளித்தார். நகம் பலகையில் பூட்டியபடியே, செத்த பிறகும் அவை தொங்கிக்கொண்டிருந்தன.

சேதி போனதும் சுப்ரியா ஆட்டோ பிடித்து வந்தாள். செத்த இரண்டையும் கையில் எடுத்தாள். கொழுகொழுவென்று உள்ளே போன ஜந்துக்கள், தோலும் எலும்புமாக வாடிய வெற்றிலை கனத்தில் இருந்தன. பிப்ரவரி வரைக்கும் வர வேண்டிய கொழுப்பு டிசம்பரிலேயே காலி. அவளுடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. இதுவும் கெட்டால் பட்டமும் இல்லை, இன்னொரு முறை தொடங்க வழியும் இல்லை. பிறகு நாலாவது ஜாதகக்காரனுக்கு பஜ்ஜி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். காகிதச் சுருள்களைத் தரையில் உருட்டி விரித்து, மண்டியிட்டு ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"பிச்சையாண்ணா, இங்கே வாங்கோ. இது என்னது பாருங்கோ. நவம்பர் பூரா கோடு தரையோட தரையாப் போறது. டிசம்பர் ரெண்டாம் தேதிலேர்ந்து தினம் ஒரு மலை. கரெக்டா பத்து மணிக்கு எல்லாம் முழிச்சுக்கறது. ஞாயித்துக்கிழமை மட்டும் முழிக்கலை."

ஞாயிற்றுக்கிழமை பிச்சையாவுக்கு லீவு.

"முழிச்சா என்ன மேடம்? முழிச்சிட்டு மறுபடியும் ஒறங்கிடுமே."

"முழிக்கறதுதான் செலவே! சில்லுனு கிடக்கற உடம்பை நடுங்கி நடுங்கிச் சூடாக்கணும். தூங்கினா பல நாளைக்கு வர்ற கொழுப்பு ஒரு தடவை முழிக்கறதுலயே போயிடும். ஊர்ல மண்டபத்துக் கல்லுல வெயில் ஏறி, கல்லு சூடாகி, அந்தச் சூட்டுல அதுவா முழிச்சா செலவு கம்மி. குளிர்ல யாராவது எழுப்பினா, கொல்றதுக்குச் சமம்."

பிச்சையா டம்ளரையும் ஈர்க்குச்சியையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சுப்ரியா திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். நாற்பத்தொன்பது வருஷம் அந்தத் துறையில் அனுபவம் உண்டு. அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பிச்சையாவுக்கு ஜென்மத்தில் முதல் தடவையாகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சோம்பேறியாக இருந்தவரைக்கும் அவர் ஒரு உயிரையும் கொன்றதில்லை.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கணக்குப் போட்டாள். மீதிப் பத்து வௌவாலின் உடம்பில் கொழுப்பு கொஞ்சம் இருக்கிறது. இனி ஒரு தடவைகூட எழுப்பாமல் விட்டால் பிப்ரவரி கடைசி வரை இழுத்துப் பிடிக்கலாம். எழுப்பினால் இல்லை.

"யாரும் உள்ளே போகப்படாது. நான்கூட. நீங்க இந்த வாசல்ல உக்காந்து ஒண்ணுமே பண்ணாம இருக்கணும். முடியுமா?"

இந்தக் கேள்வியைப் பிச்சையாவிடம் கேட்டாள் பாருங்கள்.

அன்றிலிருந்து அவர் ஸ்டூலைக் கதவுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். முனிசிபல் ஆட்கள் கொசு மருந்து அடிக்க வந்தபோது, ஏசி மெக்கானிக் மறுபடியும் வந்தபோது, டைரக்டரின் மச்சினன் பிள்ளைகளுக்கு வௌவால் காட்ட வந்தபோது, எழுந்திருக்காமலே திருப்பி அனுப்பினார். ரிஜிஸ்தரில் பழையபடி திங்கட்கிழமையே ஆறு பத்துகளைப் போட்டார்.

ஜனவரி இருபதாம் தேதி சுப்ரியா உதவித்தொகை விஷயமாகச் சென்னை போயிருந்தாள். அன்றைக்கென்று ராமசுப்ரமணியன் சரிபார்ப்புக்கு வந்துவிட்டார். நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் சிவப்புப் பேனா.

"என்ன ஓய் பிச்சையா, டிசம்பர்லே ரெண்டு போயிடுத்து போலிருக்கே. மீதியைக் காட்டும்."

பிச்சையா கண்ணாடியைக் காட்டினார். ராமசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே பார்த்தார். பத்து சுருட்டுகள் தொங்கின. ஒன்றும் அசையவில்லை. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். மூச்சுகூட இல்லை.

"இதுகள் உயிரோட இருக்கா?"

"ஒறங்குது சாரே."

"நாப்பது எலியும் தூங்கறதுன்னுதான் என்கிட்டே சொன்னான்கள். எழுப்பும். ஒவ்வொண்ணும் அசையறதை நான் என் கண்ணாலே பார்க்கணும். பார்த்துட்டு உம்ம பேரை பெர்மனென்ட்டுக்கு எழுதிடறேன். டிசம்பர் ரிஜிஸ்தர் நன்னா இருந்தது, தினம் பத்து மணிக்குக் கரெக்டா. உம்மைத்தான் மனசிலே வெச்சிருக்கேன்."

டம்ளர் பக்கத்தில்தான் இருந்தது. ஈர்க்குச்சியை அவர் இன்னும் தூக்கி எறிந்திருக்கவில்லை. பத்து தெளி. பத்து ச்சீ. அதோடு ஸ்டூல் ஆயுசுக்கும் அவருடையது; கால் தப்பித்தது; கோமதியம்மாள் தட்டைத் தொட மாட்டாள். வௌவால்கள் இன்றைக்கே ஒன்றும் சாகப் போவதில்லை. இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒவ்வொன்றாகச் சாகும். அதற்குள் உத்தரவு கைக்கு வந்துவிடும். பிச்சையா இதையெல்லாம் யோசித்தார். யோசிக்கவில்லை என்று எழுதினால் அவரே சிரிப்பார். சுருள்களின் நடுவே மண்டியிட்டு அழுத பெண்ணையும் நினைத்தார். தேரி மண்டபத்தில் தான் ஒளிந்திருந்தபோது, தலைக்குமேல் தொங்கிய எதுவும் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்து தொலைத்தது.

"எழுப்ப முடியாது சாரே."

"ஏன்?"

"செத்துப் போச்சு."

ராமசுப்ரமணியன் திரும்பினார். "பத்துமா?"

"பத்தும். செத்தாலும் தொங்கும் சாரே, நகம் பூட்டிக்கிடும். சந்தேகம்னா நீங்களே தொட்டுப் பாருங்க. சில்லுனு இருக்கும்."

வௌவாலைத் தொட்டால் வலியசாலைக்குப் போய்த் தலைமுழுக வேண்டும், அதுவும் ஈர வேட்டியோடு. ராமசுப்ரமணியன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. தான் நினைத்தது சரியாகப் போய்விட்டால் ஆடிட்காரர்களுக்கு அப்படி ஒரு நிம்மதி. ரிஜிஸ்தரைத் திறந்து பத்தையும் சிவப்பு மையில் அடித்தார். 'அட்டெண்டரின் கவனக்குறைவு' என்று எழுதினார். விலங்கு இல்லாத அறைக்கு அட்டெண்டர் எதற்கு என்று, மாதக் கடைசியோடு பிச்சையாவின் வேலையையும் அதே மையில் அடித்தார்.

"பிணத்தை எல்லாம் அப்புறப்படுத்தும். இல்லை, இரும். டிஸ்போசலுக்கு மூணு காப்பியிலே ஃபைல் போட்டு டைரக்டர் கையெழுத்து வரணும். அதுவரைக்கும் யாரும் இதைத் தொடப்படாது. அறையைப் பூட்டி சீல் வையும், ஏசி ஓடட்டும், நாறப் போறது."

பிச்சையாவே அரக்கை உருக்கிக் கொடுத்தார். அந்த நிலையத்தில் ஒரு ஃபைல் இரண்டு மேஜை நகர எத்தனை நாள் ஆகும் என்று அவருக்குத் தெரியும். தேரி வௌவால் நாலு மாதம் மூச்சடக்கும் என்றால், சர்க்கார் பாணி ஃபைல் நாலு வருஷம் அடக்கும். இப்போது இரண்டும் ஒரே கட்டிடத்தில் உறங்கின.

சென்னையிலிருந்து திரும்பிய சுப்ரியா சீலைப் பார்த்து அலறி, விஷயம் தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"உங்க வேலை போயிடுத்தே, பிச்சையாண்ணா. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா மனுசன் ஓடி வந்து எழுப்பச் சொல்லுவாரு. சும்மா இரிங்க மேடம்."

வீட்டில் கோமதியம்மாளிடம் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் தெளித்தது, இரண்டு செத்தது, சுருளில் இருந்த மலைகள், குளிரில் எழுப்பினால் உடம்பில் சேர்த்ததெல்லாம் போய்விடும், வெயில் ஏறித் தானாக முழித்தால் செலவில்லை என்று சுப்ரியா சொன்னது, கடைசியில் தான் சொன்ன பொய். அவள் குழம்புக் கரண்டியை வீசுவாள் என்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தெளி தெளிச்சிருந்தா வேலை நிலைச்சிருக்கும்."

"ஆமா."

"இனி கல்லு முன்னாலதான் நிக்கணும். இந்தக் காலோட."

"ஆமா."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிச்சையாவுக்கு அழுகை வந்தது. குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லி எழுந்து கை கழுவினார்.

பிப்ரவரி இருபத்தேழாம் தேதி டிஸ்போசல் ஃபைல் டைரக்டரின் மேஜையை இன்னும் எட்டியிருக்கவில்லை. சுப்ரியா வெளியிலிருந்தே சுவிட்சைத் திருப்பி அறையைச் சூடாக்கினாள். பிச்சையாவுக்கு அங்கே இப்போது உத்தியோகம் இல்லை. கேட் வாட்ச்மேனை ஏய்த்துவிட்டு வந்து நின்றார். மத்தியானத்துக்குமேல் முதல் வௌவால் நடுங்கியது. சாயங்காலத்துக்குள் பத்தும் முழித்து, ரிஜிஸ்தரில் செத்துப்போன பத்தும், அறை முழுக்கப் பறந்தன. சுப்ரியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அக்ரஹாரம் பார்த்திருந்தால் ஐந்தாவது ஜாதகமும் வந்த வழியே போயிருக்கும்.

அவள் ராமசுப்ரமணியனிடம் போய் உண்மையைச் சொல்லத்தான் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டார், மனதார சந்தோஷமும் பட்டார், சீலை உடைக்கவும் சொன்னார். ஆனால் சிவப்பு மையில் அடித்ததை உயிர்ப்பிக்க ரூல் இல்லை என்றார். வௌவால்கள் செத்தது செத்ததுதான். பிச்சையாவின் வேலையும் அப்படியே. ஒரே ஒரு லாபம்: செத்துப்போன மிருகத்தை வெளியே கொண்டுபோக கேட் பாஸ் வேண்டாம். ஒரு மாதம் புழு தின்று தேறிய பத்தையும் துணி மூடிய கூடையில் வைத்து, சுப்ரியாவும் பிச்சையாவும் நாகர்கோவில் பஸ் ஏறினார்கள். அங்கிருந்து திசையன்விளை. தேரி மண்டபத்தில் வெயில் சாய்கிற நேரம் கூடையைத் திறந்தபோது, பத்தும் அவர் தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கல்லிடுக்குக்குள் போயின. நன்றி சொல்லவில்லை. ஊர்க்காரப் பயல்கள் அப்படித்தான்.

மறுநாளே தம்பானூர் ஹோட்டலில் சேருவதாகப் பேச்சு. காலை ஐந்து மணிக்குக் கல் காய வேண்டும். ஊரிலிருந்து அலுத்துப்போய் வந்த பிச்சையா, நாலு மணித் தட்டுச் சத்தத்துக்குத் தயாராகக் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தார்.

கண் திறந்தபோது முகத்தில் சூடு அடித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை நன்றாகக் காய்ந்து, அறையே வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. மணி ஒன்பது இருக்கும். பதறி எழுந்தார். பக்கத்தில் சுவரோடு சாய்ந்து, கோமதியம்மாள் சத்தம் வராமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தட்டும் கரண்டியும் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன.

"ஏட்டீ, நாலு மணிக்கு எழுப்பலியா? ஹோட்டல்ல தேடுவானே!"

"நான் போய்ச் சொல்லிட்டு வந்தாச்சு. இனி மத்தியானச் சிப்டுக்குத்தான் வருவாவ, அதுவும் கல்லுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு போட்டாத்தான் வருவாவன்னு." அவள் பூண்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெயிலு இப்பத்தான் ஏறுது. இன்னும் செத்த நேரம் கிடங்க."